வாரம் ஒரு சுற்று

கடல் சமமாக இல்லை என்பதை என் அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாலு எழுத்து படித்துவிட்டால் வாய் சும்மா இருப்பதில்லை.

என் வேலை அப்படிப்பட்டது. கடலோர நகரம் ஒன்றில், கடலை ஆராய்கிற ஆபீசில், செயற்கைக்கோள் அனுப்புகிற அளவுகளைப் படமாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடல் ஓரிடத்தில் ஒரு சாண் மேடாக இருக்கும், இன்னோரிடத்தில் ஒரு சாண் பள்ளமாக இருக்கும். படகில் போகிறவனுக்குத் தெரியாது. மேலே இருந்து அளந்தால்தான் தெரியும். மேட்டைச் சுற்றியும் பள்ளத்தைச் சுற்றியும் தண்ணீர் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு சுழியும் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்தையும் உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கிற அகலம். சில மாதங்கள் உயிரோடு இருக்கும். மெல்ல மேற்கே நகரும். பிறகு கரைந்துபோகும். எங்கள் ஆபீசில் அவற்றுக்குப் பெயர் வைப்பதில்லை, எண் வைப்போம்.

"நமக்கும் கடலுக்கும் என்னாடி சம்பந்தம்? ஒங்கப்பா காலம் பூரா கல்லு ஒடைச்சாரு, நீ தண்ணிய எண்ணிக்கிட்டு கெடக்கிற" என்று அம்மா கேலி செய்வாள். எங்கள் ஊர் அரியலூரை ஒட்டிய கிராமம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்சில் உட்கார வேண்டும். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். எப்போதாவது டிபன் கேரியரின் மேல் தட்டில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு வருவார். சிப்பி பதிந்த கல், முள்ளெலும்பு மாதிரி கோடு விழுந்த கல். ஒருமுறை கைக்குள் அடங்காத பெரிய கல் ஒன்று வந்தது. ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி சுருண்டிருந்தது. ஒரு காலத்தில் இங்கே இருந்த கடலில் நீந்திய பிராணி அது. அம்மா அதை எடுத்துக் கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுத்துவிட்டாள். நானும் தம்பியும் அதை வைத்துத்தான் சண்டை போடுவோம். நான் சுருள் வலப்பக்கமாகப் போகிறது என்பேன். அவன் கல்லைத் திருப்பிப் போட்டுவிட்டு, இடப்பக்கமாகத்தானே போகிறது என்பான். எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருக்கும். அடித்தும் இருக்கிறேன்.

அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன். ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கூடப் படித்த லப்பைக்குடிக்காட்டு நண்பன் ஒருவன் ஓமன் துறைமுகத்தில் இருந்தான். அவன் கூப்பிட்டான் என்று இவனும் போனான். கடலில் நிற்கிற பெரிய கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகிற படகில் எஞ்சின் பார்க்கிற வேலை. கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை.

"அக்கா, நீ கம்ப்யூட்டர்ல பாக்குற கடல நான் நேர்ல பாக்குறேன், தெரிஞ்சுக்க" என்று போனில் பீற்றிக்கொள்வான்.

மாசி மாதம் ஒரு போட்டோ அனுப்பினான். படகின் விளிம்பு, அதற்குக் கீழே கடல். கடல் பச்சையாக இருந்தது. அழுக்குப் பச்சை இல்லை, நாற்றங்கால் பச்சை.

"என்னாக்கா இது? யாராச்சும் கழிவக் கொட்டிட்டாங்களா?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி அதுவரை கேள்வி கேட்டதில்லை. கடலுக்கு அடியில்தான் உரம் கிடக்கிறது, வெளிச்சம் மேலே கிடக்கிறது, இரண்டும் சேர்வதில்லை, அதுதான் கடலின் பெரிய கஷ்டம் என்று ஆரம்பித்தேன். இடமாகச் சுழல்கிற சுழியின் நடுவில் அடித்தண்ணீர் குளிர்ச்சியோடும் உரத்தோடும் மேலே ஏறிவரும். வெளிச்சம் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் பெருகும். அதுதான் பச்சை. அதைத் தின்னக் கடுகளவு பூச்சிகள் வரும், பூச்சியைத் தின்னப் பொடிமீன், பொடிமீனைத் தின்னச் சூரை, எல்லாவற்றுக்கும் மேலே பறவைகள். வலமாகச் சுழல்கிற சுழி இதற்கு நேர் எதிர். மேல்தண்ணீரைக் கீழே அமுக்கும். வெதுவெதுப்பாக, பார்க்க நீலமாக அழகாக இருக்கும், தின்ன ஒன்றும் இருக்காது.

அவன் உடனே பிடித்துக்கொண்டான். "அப்ப கீழ் மண்ண மேல கொண்டாற மாதிரி. ஏர் ஓட்டுறதுன்னு சொல்லு."

"ஆமா, கிட்டத்தட்ட."

"இத்தன வருசம் படிச்சு கடைசில உழவுதானா? இத வயல்ல நிக்கிற நம்ம மாமாவே சொல்லியிருப்பாரே!"

நான் சிரித்தேன். இருபது வருஷப் படிப்பை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஆனி மாதம் அந்தக் கடல் பொல்லாதது. காற்று விடாமல் அடிக்கும். கயிறு கட்டப் போன தம்பியை அலை வாரிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

லப்பைக்குடிக்காட்டு நண்பன் அவனுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "அக்கா, மூணு நாளும் நான் படகுலயேதான் இருந்தேன். எங்களால முடிஞ்சது துவா செஞ்சோம். அல்லா மேல ஆணையா வேற ஒண்ணும் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதான். போகும்போது என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தான். தம்பி விழுந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் எழுதியிருந்தன. அக்காவுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான், அதனால் எழுதிக்கொண்டு வந்தேன் என்றான்.

அன்றைக்கு நான் லேப்டாப்பில் கடல் படத்தைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். அந்த இடத்தில் ஒரு சுழி இருந்தது. படத்தில் பள்ளங்களுக்கு நீலம், மேடுகளுக்குச் சிவப்பு. இது நல்ல நீலமாக, வட்டமாக, ஓரமெல்லாம் உயிரோடு இருந்தது. இடமாகச் சுழன்றுகொண்டிருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் நல்ல சுழி என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்க தண்ணி எப்புடிடி இருக்கு?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். "அங்க ஒரு சுழி இருக்கும்மா. உள்ள இருக்கறத லேசுல வெளிய விடாது. தன்கூடவே வச்சு சுத்திக்கிட்டு இருக்கும்."

தம்பி எங்கேயோ போய்விடவில்லை, ஓரிடத்தில் இருக்கிறான் என்று சொல்லத்தான் நினைத்தேன். எனக்கே அந்த ஆறுதல் தேவைப்பட்டது. ஆனால் என் அம்மா பிறந்தது தா.பழூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையில். வெள்ளக் காலத்தில் ஆறு ஒருவனை உள்ளே இழுத்தால் மூன்றாம் நாள் மேலே விடும் என்று அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். விடுகிறவரை கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்னால் ஒப்பாரி வைக்க மாட்டார்கள், காரியமும் செய்ய மாட்டார்கள்.

"இது எத்தன நாள்ல விடும்?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறு மாசம்கூட ஆவும்மா" என்றேன்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி கேட்டுக்கொண்டு தா.பழூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவரிடம், "சுழி இன்னும் விடலப்பா. விடாம எப்புடி காரியம் பண்றது?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. செத்துப்போனான் என்றும் சொல்லவில்லை. "உள்ள இருக்கான்" என்பாள்.

தம்பியின் மனைவிக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் அவள் பாட்டுக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவளிடம் துக்கம் விசாரிப்பதா, நலம் விசாரிப்பதா என்று தெரியவில்லை. வந்து ரவிக்கை அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் வேலைக்குத் திரும்புகிற அன்று அம்மா இன்னொன்று கேட்டாள். "அந்தச் சுழி எப்புடி சுத்துது? கோயில சுத்துற மாதிரி வலமாவா?"

நான் பையை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

"இடமா சுத்துறது சாவுக்குத்தான். ஒங்கப்பா செத்தப்ப ஒந்தம்பி சுடுகாட்டுல இடமாத்தான் சுத்தி வந்தான்னு மாமா சொல்லுச்சு. அதான் கேக்குறேன்" என்றாள். 

"வலமாத்தாம்மா" என்றேன்.

அதுதான் முதல் பொய். சின்னப் பொய் என்று நினைத்தேன். கடலில் இடமாகச் சுழல்வதுதான் உயிரை மேலே கொண்டுவருகிறது, வலமாகச் சுழல்வது பட்டினி போடுகிறது என்று அவளுக்கு விளக்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. ஒரு சுற்று முடிக்க எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டாள். அதற்கு உண்மையைச் சொன்னேன். ஏறக்குறைய ஒரு வாரம்.

அடுத்த சனிக்கிழமையே அம்மா சின்னவளைக் கூட்டிக்கொண்டு கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனாள். பையன் வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறான், நானும் கூடவே சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். ஒரே சுற்று, ஆனால் அடிப்பிரதட்சணம். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் கட்டைவிரலில் ஒட்டிவைத்து ஒட்டிவைத்து, அடியடியாக. முழங்கால் தேய்ந்துபோன பெண்பிள்ளை. மாத்திரை இல்லாமல் படியேற மாட்டாள். பிறகு வந்த புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஜனங்கள் இடித்துத் தள்ள, இவள் நடுவில் நின்று அடி அளந்துகொண்டிருந்ததைச் சின்னவள் போனில் சொன்னாள். "அத்தைய ஒரு ஆளு திட்டிட்டாரு அண்ணி. அத்தை அவர நிமுந்துகூட பாக்கல."

வெள்ளிக்கிழமைதோறும் சின்னவள் எனக்கு மெசேஜ் அனுப்புவாள். அண்ணி, சுழி எங்க நிக்குது? நான் படத்தை அனுப்புவேன். எந்த மூலையில் அது நிற்கிறதோ அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இருவரும் சுற்ற ஆரம்பிப்பார்களாம். கொஞ்ச நாளில் அவளுக்கே படத்தைப் படிக்க வந்துவிட்டது. இந்த வாரம் கொஞ்சம் சின்னதாயிருக்கு என்பாள். கரைப் பக்கமா நகந்திருக்கு என்பாள். எங்கள் ஆபீசில் சம்பளம் வாங்குகிற சில பேரைவிடக் கூர்மையாகப் பார்த்தாள்.

அம்மா மீன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவர் எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார். 

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. முன்பெல்லாம் நான் ஆராய்ச்சிக் கப்பலில் போயிருக்கிறேன். குளிர்ந்த சுழியின் நடுவில் வலையை இறக்கி இழுத்தால், வலையின் அடிக்குப்பியில் பழுப்பும் பச்சையுமாகக் கூழ் மாதிரி ஒன்று வரும். வெளிச்சத்தில் பிடித்தால் அத்தனையும் துள்ளும். கண்ணாடிபோல் உடம்பு, உள்ளே துடிக்கிற புள்ளி, விரலில் ஒட்டினால் உதறிக்கொண்டு ஓடும். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே சந்தோஷமான விஷயம் அது. தம்பி போன பிறகு அந்தப் படங்களை என்னால் பார்க்க முடியவில்லை. அங்கே பெருகுகிற ஒவ்வொரு உயிரும் எதைத் தின்று பெருகுகிறது என்று மனசு கேட்கும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கார்த்திகையில் அந்தச் சுழி செத்தது. அரபுக் கரையை நெருங்கி, ஆழம் குறைந்த இடத்தில் தட்டி, நீண்டு, கிழிந்தது. ஒரு வாரம் முழுக்க இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நீலமாகக் கொஞ்சம் கறை தெரிந்தது. அடுத்த வாரப் பட்டியலில் அதன் எண் இல்லை. எனக்குத் தம்பி ஆனியில் சாகவில்லை, அன்றைக்குத்தான் செத்தான். பக்கத்து மேஜைக்காரர் வடை தின்றுகொண்டே என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை சின்னவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அண்ணி, எங்க நிக்குது?

நான் சொல்லியிருக்க வேண்டும்.  சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்று பயந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். பாதி அதுதான். மீதி, என் பயம். அது இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்கும் இல்லாமல் போய்விடுமே என்ற பயம். கொஞ்சம் தள்ளி வேறொரு சுழி இருந்தது. அதன் படத்தை வெட்டி அனுப்பினேன். இதுதான், இங்கே நகர்ந்துவிட்டது என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. அண்ணி, செவப்பா இருக்கே?

அது மேட்டுச் சுழி. வலமாகச் சுழல்வது. நீலம் சிவப்பாகாது, அது ஒருக்காலும் நடக்காது. அவளுக்கு அந்த அளவு தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வெயில் ஏறுகிறது, தண்ணீர் சூடாகிவிட்டது என்று எழுதினேன். கார்த்திகை மாதத்தில் வெயில். சரிங்கண்ணி என்று அவள் பதில் போட்டாள்.

ஆறு மாதம் இப்படி ஓட்டினேன். செத்துப்போன சுழிக்கு வாரம் தவறாமல் இடம் சொன்னேன். இடையில் சின்னவளுடைய அப்பா, அவருக்கும் தா.பழூர்தான், வந்து, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன், டவுனில் தையல் கடை போட்டுக் கொடுக்கிறேன், அவளும் எத்தனை நாள் இப்படியே உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டாராம். சுழி இருக்கும்போது எப்படி வருவது என்று அவள் மறுத்துவிட்டாளாம். அம்மா இதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள். 

சித்திரையின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சின்னவள் போன் செய்தாள். பஸ் தாமதமாம். கோயிலுக்குப் போய்ச் சேர உச்சிப் பொழுதாகிவிட்டதாம். வேண்டாம் அத்தை, சாயங்காலம் சுற்றலாம் என்று இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் நிற்கிறானா, நான் நிற்பதற்கு என்று கேட்டுவிட்டு அம்மா இறங்கியிருக்கிறாள். அடிப்பிரதட்சணத்தில் ஓட முடியாது. கொதிக்கிற கல்லில் ஒவ்வொரு அடியையும் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

"ரெண்டு காலும் கொப்புளம் அண்ணி. தரையில வைக்க முடியல. அடுத்த வாரம் எப்புடி சுத்துறதுன்னு அதுக்குத்தான் அழுவுறாங்க."

மறுநாள் காலை நான் வீட்டில் இருந்தேன். அம்மா ஈரச் சாக்கின் மேல் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சின்னவள் உள்ளங்காலில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அம்மா, அந்தச் சுழி இல்லம்மா. கார்த்திகையிலயே போயிடுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "விட்டுடுச்சா?"

"கரைஞ்சு போச்சும்மா."

"அவன எங்க விட்டுச்சு?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

சின்னவளின் கை நின்றுவிட்டது. வெண்ணெய் விரலோடு அப்படியே என்னைப் பார்த்தாள். "அந்தச் செவப்பு வந்த அன்னிக்கே எனக்கு சந்தேகம் அண்ணி. நீலம் எப்புடி செவப்பாவும்னு ராத்திரி பூரா படத்தையே பாத்துக்கிட்டு கெடந்தேன். அப்புறம், படிச்சவங்க, கூடப் பொறந்தவங்க, அவங்க பொய் சொல்லுவாங்களான்னு என்னையே திட்டிக்கிட்டேன்." அவள் கத்தவில்லை. "அத்தைக்கு வேணாம். எனக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

  அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு பாதியை வைத்துக்கொள்ள முடியவில்லை. அது வலமாகச் சுழலவில்லை, இடமாகத்தான் சுழன்றது என்பதையும் சொன்னேன்.

அதுவரை அம்மா அழவில்லை. இதைக் கேட்டதும்தான் முகம் கோணிற்று.

"அப்ப அவன் ஒரு பக்கமா சுத்த, நான் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கேன். அத்தன மாசமும்."

அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. பிறகு, அந்தச் சுழிக்குள் இருந்ததெல்லாம் எங்கே போகும் என்று கேட்டாள். இந்த முறை நான் எதையும் பூசி மெழுகவில்லை. செத்ததெல்லாம் பொடிப்பொடியாக அடியில் இறங்கும், அரிசி களைந்த தண்ணீரில் கசடு இறங்குகிற மாதிரி. அடியில் உரமாகக் கிடக்கும். பிறகு எப்போதோ, எங்கேயோ இன்னொரு சுழி வந்து அதை மேலே கொண்டுவரும். பாசியாகும். பூச்சியாகும். மேலே வராதது அடியிலேயே இறுகிக் கல்லாகும். அப்பா உடைத்த கல்லெல்லாம் அப்படி இறங்கினதுதான்.

"அப்ப மீனாயிருப்பான்" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

சின்னவள் எழுந்து உள்ளே போனாள். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. துணி இல்லாமல் ஓட்டுகிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

ஆனியில் காரியம் வைத்தோம். தா.பழூர்ப் பக்கம், கொள்ளிடத்தில். ஆறு முக்கால்வாசி மணலாகக் கிடந்தது. நடுவில் ஓர் ஓடை அகலத்துக்கு மட்டும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செத்தவருக்குப் பதிலாகக் கரையில் ஒரு கல்லை நிறுத்தி, பாலூற்றி, எள்ளும் அரிசியும் போட்டு, முடித்ததும் ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். மாமா ஒரு செங்கல் எடுத்து வைத்திருந்தார். அம்மா மஞ்சப்பையிலிருந்து கொல்லைக் கதவுக் கல்லை எடுத்தாள்.

"என்னாக்கா இது, கதவுக்கு வைக்கிற கல்லப் போயி" என்றார் மாமா.

"அவன் வெளையாண்ட கல்லுப்பா."

மணலில் அதை வைத்தாள். குனிந்து பார்த்தாள். என்ன நினைத்தாளோ, எடுத்துத் திருப்பி, சுருள் இடமாகப் போகிற பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தாள். சின்னவள் தாலியைத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். யார் உதவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு எல்லோரும் கல்லைச் சுற்றி வந்தோம், இடமாக. ஆறியும் ஆறாத காலோடு அம்மா அடியடியாக வைத்துச் சுற்றினாள். காரியம் செய்கிறவர் அவசரப்படுத்தப் பார்த்தார். மாமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வெயில் ஏறுகிறவரை நாங்கள் எல்லோரும் அவளுக்காகக் காத்து நின்றோம்.

பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கல்லைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்தான். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. ஆற்றைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கல்லு கடலுக்குப் போயிடுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"போவாதும்மா. கனமான கல்லு. விழுந்த எடத்துலயே மணல்ல பொதைஞ்சு கெடக்கும். நீ எப்ப வந்தாலும் இங்கதான் இருக்கும்."

அது உண்மை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளிடம் நான் யோசிக்காமல் சொன்ன உண்மை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் நின்ற சின்னவளிடம் திரும்பினாள்.

"இவ சொல்றது நெசமாடி?"

சின்னவள் தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நெசந்தாங்க அத்தை" என்றாள்.

அம்மா தலையாட்டினாள். சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள்.